சிஸ்டம் சொல்லுது, சம்பளத்தைப் பிடி!

நேரா விஷயத்துக்கு வந்துடறேன். பார்கோடு வெச்சு பில் போடுற கடைகள்ல வருஷத்துக்கு ஒரு தடவை சரக்கு எண்ணுவாங்க. "சிஸ்டத்துல இருக்கு, அலமாரியில இல்ல"ன்னு ஒரு தொகை வரும். அந்தத் தொகையை வேலை பார்க்கிற பசங்க சம்பளத்துல பிடிக்கிறாங்க. இது அநியாயம். அநியாயம் மட்டுமில்ல, கணக்குப்படியும் தப்பு, சட்டப்படியும் தப்பு. இந்த மூணையும் ஒவ்வொண்ணா சொல்லத்தான் இன்னிக்கு உட்கார்ந்திருக்கேன்.

எனக்கென்ன தகுதின்னு கேப்பீங்க. புனேல உட்கார்ந்துக்கிட்டு நடுத்தரமான சூப்பர் மார்க்கெட்டுகளுக்கு பில்லிங் மென்பொருள் மாட்டி, அது படுத்துக்கிட்டா எழுப்பி விடுறதுதான் என் பொழைப்பு. ஸ்கேனரோட "பீப்" சத்தம் கனவுல கூட கேக்கும். அதனால பார்கோடுக்கு நான் எதிரி இல்ல. சோறு போடுற சாமி அது. ஆனா சாமி பேரைச் சொல்லி உண்டியல்ல கை வைக்கிறவங்களைப் பார்த்தா கோவம் வருமா வராதா?

முதல்ல பார்கோடுன்னா என்னன்னு ரெண்டு வரி. பிஸ்கட் பாக்கெட் பின்னாடி இருக்கே, அது பெரும்பாலும் ஈஏஎன்-13. மொத்தம் 13 இலக்கம். நம்ம ஊர்ப் பொருள்னா பெரும்பாலும் 890-ல ஆரம்பிக்கும். (890-ன்னா "இந்தியாவில் தயாரானது"ன்னு அர்த்தம் இல்ல. அந்தக் கம்பெனிக்கு எண் கொடுத்தது ஜிஎஸ்1 இந்தியா, அவ்ளோதான்.) அதுக்கப்புறம் கம்பெனிக்கான எண், பொருளுக்கான எண், கடைசியில ஒரே ஒரு சரிபார்ப்பு இலக்கம்.

அந்தக் கடைசி இலக்கம் சுவாரஸ்யமான ஆசாமி. 890123456789-ன்னு பன்னெண்டு இலக்கம் இருக்குன்னு வைங்க. ஒண்ணு, மூணு, அஞ்சு... இப்படி ஒற்றைப்படை இடத்துல இருக்கிறதைக் கூட்டினா 28. இரட்டைப்படை இடத்துல இருக்கிறதைக் கூட்டினா 34, அதை மூணால பெருக்கினா 102. ரெண்டும் சேர்ந்தா 130. அடுத்த பத்தின் மடங்குக்குப் போக எவ்ளோ குறையுது? பூஜ்யம். ஆக பதிமூணாவது இலக்கம் 0. ஏதாவது ஒரு இலக்கத்தை மாத்திப் படிச்சா கணக்கு உதைக்கும், ஸ்கேனர் அந்த எண்ணை ஏத்துக்காது. அதனாலதான் ஸ்கேனர் தப்பாப் படிக்கிறது ரொம்ப ரொம்ப அபூர்வம்.

வம்பே இங்கதான் ஆரம்பிக்குது. ஸ்கேனர் பொய் சொல்லாதுங்கிறது உண்மை. அதனால அதுக்குப் பின்னாடி இருக்கிற இருப்புக் கணக்கும் பொய் சொல்லாதுன்னு முதலாளிகள் நம்பிடறாங்க. எண்ணைச் சரியாப் படிக்கிறது வேற, சரக்கைச் சரியா எண்ணுறது வேற.

அந்த 13 இலக்கத்துல எது இல்லன்னு பாருங்க. விலை இல்ல. காலாவதி தேதி இல்ல. பேட்ச் எண் இல்ல. முக்கியமா, "இது எந்தப் பாக்கெட்"ங்கிறது இல்ல. ஒரே மாதிரி பத்தாயிரம் பாக்கெட்டுக்கும் ஒரே எண்தான். ஒரு பாக்கெட் கடைக்குள்ள வந்ததா, போச்சா, எலி தின்னுச்சான்னு பார்கோடுக்குத் தெரியாது. சிஸ்டம் பண்றதெல்லாம் ஒரு கூட்டல் கழித்தல்: பழைய இருப்பு, கூட்டல் வந்த சரக்கு, கழித்தல் வித்தது, கழித்தல் திருப்பி அனுப்பினது. இதுல "வித்தது"ங்கிற ஒண்ணு மட்டும்தான் பெரும்பாலும் ஸ்கேனர் வழியா வருது. மத்ததெல்லாம் மனுஷன் விரல் நுனியில தட்டுறது.

1974 ஜூன் 26 அன்னிக்கு அமெரிக்காவுல ஒஹாயோ மாநிலம் டிராய்ங்கிற ஊர்ல, மார்ஷ் சூப்பர் மார்க்கெட்ல ஒரு ரிக்லீஸ் சூயிங்கம் கட்டை ஸ்கேன் பண்ணினாங்க. கடையில பார்கோடு போட்டு வித்த முதல் பொருள் அதுதான், விலை 67 சென்ட். அப்போ அங்க எதிர்பார்த்த முதல் லாபம் வரிசை சீக்கிரம் நகரணும், ஒவ்வொரு டப்பாவுலயும் விலைச் சீட்டு ஒட்டுற கூலி மிச்சமாகணும்ங்கிறதுதான். வேகம், கூலி. "எவன் திருடினான்னு காட்டிக் கொடுக்கும்"னு யாரும் அதை உருவாக்கல. அந்த வேலையை இங்க நம்ம ஆளுங்க அதுக்கு வாங்கிக் கொடுத்திருக்காங்க.

சரி, சிஸ்டத்துல இருப்பு எப்படியெல்லாம் கோணலாகும்? ஒருத்தரும் ஒத்தைப் பைசா திருடாமலே? நான் கண்ணால பார்த்ததை மட்டும் சொல்றேன்.

1. ஒண்ணை ஸ்கேன், ஆறுன்னு தட்டு. ஒருத்தர் ஆறு நூடுல்ஸ் பாக்கெட் எடுத்துட்டு வர்றார். மூணு மசாலா, மூணு தக்காளி. விலை ஒண்ணுதான். சாயங்காலம் ஏழு மணி, பின்னாடி பன்னெண்டு பேர் நிக்கிறாங்க. பில் போடுற பொண்ணு ஒரு மசாலாவை பீப் பண்ணிட்டு அளவுல 6-ன்னு தட்டும். கல்லாவுல காசு சரியா வந்துடும். ஆனா சிஸ்டத்துல மசாலா ஆறு போயிடுச்சு, தக்காளி ஒண்ணும் போகல. வருஷக் கடைசியில தக்காளி மூணு குறையும், மசாலா மூணு கூடும். சோப்பு, ஷாம்பு, சிப்ஸ், ஜூஸ்னு நாலு வாசனை இருக்கிற எல்லாத்துலயும் இதே கதை.

2. "ஐட்டம் நாட் ஃபவுண்ட்." கம்பெனி எடையைக் குறைச்சு புதுப் பாக்கெட் விடுது. நிகர எடை மாறினா புது எண் கொடுக்கணும்ங்கிறது ஜிஎஸ்1 விதி. புது எண்ணை ஆபீஸ்ல இன்னும் யாரும் ஏத்தல. கல்லாவுல பீப்புக்குப் பதிலா ஒரு கர்ண கொடூர சத்தம். வாடிக்கையாளர் முறைக்கிறார். பொண்ணு என்ன செய்யும்? அதே விலைக்கு இருக்கிற வேற ஏதோ ஒரு பிஸ்கட்டை பீப் பண்ணி அனுப்பிடும். காசு சரி, இருப்பு கோவிந்தா.

3. ரெண்டு எம்ஆர்பி. இது நம்ம நாட்டு ஸ்பெஷல். விலையை பாக்கெட்லயே அச்சடிச்சு வித்தாகணும்ங்கிற சட்டம் இருக்கு. ஆனா விலை மாறினதுக்காக பார்கோடு மாறணும்னு இல்ல. 2025 செப்டம்பர் 22-ல ஜிஎஸ்டி விகிதம் மாறி, ஷாம்பு, டூத்பேஸ்ட் எல்லாம் 18-லேர்ந்து 5 சதவீதத்துக்கு வந்ததே, அப்போ இதை நல்லாப் பார்த்தோம். ஒரே அலமாரியில ஒரே பார்கோடோட பழைய விலைப் பாக்கெட்டும் புது விலைப் பாக்கெட்டும். பீப் பண்ணினா திரையில ஒரு குட்டிப் பெட்டி வந்து "எந்த எம்ஆர்பி?"ன்னு கேக்கும். அவசரத்துல மேல இருக்கிறதைத் தட்டிட்டுப் போறதுதான் மனித இயல்பு. பழைய விலையில இருபது குறையும், புது விலையில இருபது கூடும்.

4. எடை போடுற சாமான். பருப்பு, சர்க்கரையெல்லாம் கடையிலயே கட்டி, தராசுல ஒரு லேபிள் அடிச்சு ஒட்டுவாங்க. அந்த பார்கோடு 2-ல ஆரம்பிக்கும். உள்ளேயே எடையோ விலையோ ஒளிஞ்சிருக்கும். விலை ஒளிஞ்சிருக்கிற வகையா இருந்தா, சிஸ்டம் அந்த விலையைக் கிலோ விலையால வகுத்துத்தான் எடையைக் கண்டுபிடிக்குது. தராசுல நேத்து விலை, சர்வர்ல இன்னிக்கு விலைன்னா வகுத்தல் தப்பு. இது போதாதுன்னு மூட்டையில ஒட்டினது, தரையில சிந்தினது, ஈரம் காஞ்சது. ஐம்பது கிலோ மூட்டையிலேர்ந்து அம்பது ஒரு கிலோ பொட்டலம் கட்டிக் காமிச்சவனை நான் இன்னும் பார்த்ததில்ல :-)

5. பின்வாசல். சரக்கு வண்டி வரும். டிரைவர் அவசரப்படுத்துவான். பில்லுல பத்து பெட்டின்னு இருக்கும், எண்ணுறதுக்கு ஆள் இருக்காது. "சரி, பத்துன்னு போட்டுக்க." பெட்டிக்குள்ள 24-க்குப் பதில் 22 இருந்தா யாருக்குத் தெரியும்? ஸ்கீம்ல வந்த இலவசப் பாக்கெட்டுகள் கணக்குல ஏறாது. அதே பில்லை காலையில ஒருத்தரும் சாயங்காலம் இன்னொருத்தரும் ஏத்திடறதும் உண்டு. ரெண்டாவது தடவை ஏத்தின சரக்கு சிஸ்டத்துக்குள்ள மட்டும் வாழும் பேய்ச் சரக்கு.

6. காலாவதி. டிஸ்ட்ரிபியூட்டர் ஆள் வந்து தேதி முடிஞ்ச பாக்கெட்டையெல்லாம் ஒரு அட்டைப்பெட்டியில வாரிக்கிட்டுப் போவான். துண்டுச்சீட்டுல ஒரு கையெழுத்து. அது முதலாளி மேஜை டிராயருக்குள்ள போய் சமாதியாகும். சிஸ்டத்தைப் பொறுத்தவரை அந்தப் பாக்கெட்டெல்லாம் இன்னும் அலமாரியில சிரிச்சுக்கிட்டு நிக்குது.

இந்த ஆறுல எதுலயாவது திருட்டு இருக்கா? அஞ்சாவதுல மட்டும் கொஞ்சம் வாய்ப்பு இருக்கு. அங்கயும் கல்லாவுல நிக்கிற பொண்ணுக்குச் சம்பந்தம் இல்ல.

இப்போ ஒரு கடை. பேர் வேண்டாம். மூணு கல்லா, பதினோரு பேர் வேலை. மார்ச் கடைசியில எண்ணினாங்க. குறைவு ரிப்போர்ட் 1,84,000 ரூபாய் காட்டுச்சு. முதலாளி "சிஸ்டம் மே கம் ஹை"ன்னார். சிஸ்டத்துல குறையுதாம். பதினோரு பேருக்குப் பங்கு போட்டா ஆளுக்கு பதினாறாயிரத்துச் சொச்சம். மாசம் ரெண்டாயிரம் வீதம் எட்டு மாசம் பிடிக்கிறதா முடிவு. அதுல ஒரு பொண்ணுக்கு மாசச் சம்பளமே 12,000. என்னை எதுக்குக் கூப்பிட்டாங்கன்னா, பிடித்தத்தை சம்பளப் பட்டியல்ல ஏத்திக் கொடுக்க!

நான் கேட்டது ஒண்ணுதான். "சேட்ஜி, குறைவு ரிப்போர்ட் எடுத்தீங்க. கூடுதல் ரிப்போர்ட் எங்க?"

"அது எதுக்கு? அதுல எனக்கு நஷ்டம் இல்லியே."

இந்த ஒரு வரியிலதான் மொத்த அநியாயமும் இருக்கு. தக்காளி நூடுல்ஸ் மூணு குறைஞ்சா திருட்டு; மசாலா மூணு கூடினா லட்சுமி கடாட்சமா?

ரெண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ரெண்டு ராத்திரி உட்கார்ந்தோம். ஒரே கம்பெனி, ஒரே வகை, ஒரே விலை. வாசனை மட்டும் வேற. அல்லது ஒரே பொருள், எம்ஆர்பி மட்டும் வேற. இப்படி ஜோடி சேர்த்ததுலயே 1,12,000 அடிபட்டுப் போச்சு. பாக்கி 72,000. டிராயர்லேர்ந்து காலாவதிச் சீட்டுகளைத் தோண்டி எடுத்தோம், 38,000. பாக்கி 34,000. பருப்பு சர்க்கரை வகையறாவுல தேய்மானம் 11,000. பாக்கி 23,000. எண்ணெய் பில் ஒண்ணு ரெண்டு தடவை ஏறியிருந்தது; பத்து பெட்டி, பெட்டிக்கு 12, ஒண்ணு 120 ரூபாய், ஆக 14,400. கடைசியா நின்னது 8,600.

ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரம் எங்க, எட்டாயிரத்து அறுநூறு எங்க! அந்த எட்டாயிரமும் வேலைக்காரங்க எடுத்ததுன்னு அர்த்தம் இல்ல. தினமும் நூத்துக்கணக்கான வாடிக்கையாளர்கள் கையை வீசிக்கிட்டு நடக்கிற கடை அது.

பிடித்தம் நின்னுச்சு. ஆனா அதுக்குள்ள ரெண்டு பேர் வேலையை விட்டுப் போயிட்டாங்க. அதுல ஒருத்தர் எல்லாரையும் விட மூத்தவங்க, மொத்தக் கடையும் "தாயீ"ன்னு கூப்பிடும் (மராட்டியில அக்காவுக்கு அப்படித்தான்). அவங்க போனதும் "பார்த்தியா, குற்றமுள்ள நெஞ்சு"ன்னு பேசினாங்க. பணத்தைத் திருப்பித் தரலாம். இந்தப் பேச்சை எந்த ரிப்போர்ட்டை வெச்சுத் திருப்புவீங்க?

இப்போ சட்டம். இதுல நான் நிபுணன் இல்ல, ஆனா இந்த ஒரு விஷயத்துல சட்டம் தெளிவாவே இருக்கு. 1936-ம் வருஷத்து ஊதியம் வழங்கல் சட்டத்துலயே இருந்ததுதான். அதுக்குப் பதிலா 2025 நவம்பர் 21-ல அமலுக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்புலயும் (2019) இருக்கு. சரக்கு நஷ்டத்துக்காகச் சம்பளத்துல பிடிக்கணும்னா, அந்தச் சரக்கு குறிப்பா அந்த ஆள் பொறுப்புல ஒப்படைச்சதா இருக்கணும். நஷ்டம் நேரடியா அவரோட கவனக்குறைவாலயோ தவறாலயோ வந்திருக்கணும். விளக்கம் சொல்ல அவருக்கு வாய்ப்பு கொடுத்த பிறகுதான் பிடிக்கலாம். நஷ்டத்துக்கு மேல ஒரு பைசா பிடிக்கக் கூடாது. மொத்தக் கடையோட குறைவை எடுத்து பதினோரு பேருக்குப் பந்தி பரிமாறுற மாதிரி பங்கு போடுறது இதுல எந்த வரியில அடங்கும்? "நேரடியா"ங்கிற வார்த்தை அங்க அலங்காரத்துக்கா இருக்கு?

வழக்கமா வர்ற எதிர்வாதங்களையும் பார்த்துடுவோம்.

"அப்போ திருட்டே இல்லங்கறியா?" இருக்கு. கல்லாவுல நிக்கிறவங்களும் திருடுறது உண்டு. ஆனா அது வேற மாதிரி தெரியும்: அடிக்கடி பில் ரத்து, பில் போட்டு முடிச்ச பிறகு ஒரு பொருளை நீக்குறது, வாடிக்கையாளர் இல்லாம "ரிட்டர்ன்" போடுறது. இதெல்லாம் யார் பேர்ல, எத்தனை மணிக்குன்னு சிஸ்டத்துல பதிவாகுது, மேல கேமராவும் இருக்கு. அதைத் தேடுங்க, தாராளமா. அது ஆதாரம். வருஷக் குறைவு ரிப்போர்ட் வெறும் சந்தேகம், அதுவும் யார் மேலன்னே தெரியாத சந்தேகம்.

"கூடுதலைக் கழிச்சா நிஜத் திருட்டும் சேர்ந்து மறைஞ்சுடுமே?" நியாயமான கேள்வி. அதனாலதான் சகட்டுமேனிக்குக் கழிக்கச் சொல்லல. முகப் பவுடர் குறைவை துவரம்பருப்பு கூடுதல்ல கழிக்கக் கூடாது. ஒரே குடும்பம், ஒரே விலை, அதுக்குள்ள மட்டும்.

"பயம் இருந்தாதான் ஒழுங்கா வேலை பார்ப்பாங்க." இதுதான் ரொம்ப முட்டாள்தனமான வாதம். பயந்தவன் என்ன செய்வான்? உடைஞ்ச பாட்டிலைச் சொல்ல மாட்டான், ஒளிச்சு வைப்பான். எண்ணும்போது சிஸ்டத்துல 24-ன்னு இருந்தா, கையில 22 இருந்தாலும் 24-ன்னு எழுதுவான். இருப்புக் கணக்கு இன்னும் கெடும். அடுத்த வருஷக் குறைவு இன்னும் பெருசா வரும்.

"புதுசா 2டி கோடு வரப்போகுது, எல்லாம் சரியாயிடும்." 2027 முடியறதுக்குள்ள உலகம் பூரா கல்லாக்கள்ல அந்தச் சதுரக் கட்டத்தைப் படிக்க வைக்கணும்னு ஜிஎஸ்1 வேலை பண்ணுது. அதுல பேட்ச், காலாவதி எல்லாம் அடங்கும். தேதி முடிஞ்ச பாலை கல்லாவுலயே தடுக்கலாம். ரொம்ப நல்லது. ஆனா ஒண்ணை ஸ்கேன் பண்ணி ஆறுன்னு தட்டுறதையும், டிராயர்ல தூங்குற சீட்டையும், ரெண்டு தடவை ஏத்தின பில்லையும் எந்தக் கட்டம் வந்து தடுக்கும்?

எங்க தொழில்காரங்களுக்கும் ஒரு வார்த்தை. "பார்கோடு போட்டா திருட்டு நின்னுடும் சேட்ஜி"ன்னு சொல்லி விக்கிறவங்க நம்ம ஆளுங்கதான். குறைவை மட்டும் சிவப்புல காட்டுற ரிப்போர்ட்டை முதல் பக்கத்துல வெச்சுட்டு, கூடுதலை ஏழாவது மெனுவுக்குள்ள ஒளிச்சு வைக்கிறதும் நம்ம ஆளுங்கதான். திரையில எது முன்னாடி நிக்குதோ அதை வெச்சுத்தான் ஒருத்தர் சம்பளம் வெட்டுப்படுதுன்னா, அந்தத் திரையை வடிவமைக்கிறதும் நியாய அநியாயம் சேர்ந்த வேலைதான்.

உருப்படியா என்ன செய்யலாம்?

வருஷத்துக்கு ஒரு தடவை மொத்தக் கடையையும் எண்ணுறதை நம்பாதீங்க. தினமும் கடை திறக்கறதுக்கு முன்னாடி இருபது பொருள் எண்ணுங்க. நேத்து வந்த தப்பு நேத்தோட ஞாபகத்துல இருக்கும். பதினோரு மாசம் முன்னாடி வந்தது யாருக்கு ஞாபகம் இருக்கும்?

எண்ணுற தாள்ல சிஸ்டம் இருப்பை அச்சடிக்காதீங்க. எண்ணினதை மட்டும் எழுதட்டும்.

வாசனை வேறுபடுற பொருள்களுக்கு அளவு தட்டுற வசதியைப் பூட்டுங்க. ஆறு பாக்கெட்டுன்னா ஆறு பீப். வரிசை அரை நிமிஷம் நீளும், பரவாயில்ல.

வண்டி நிக்கும்போதே பெட்டியை எண்ணுங்க, டிரைவர் கையெழுத்தோட. காலாவதி, உடைசலுக்கு ஒரு தனிக் கூடை. சீட்டு அன்னிக்கே சிஸ்டத்துல ஏறணும்.

கிடைக்காத பார்கோடுக்கு ஒரு தனிப் பொத்தான் வைங்க. பில் போடுறவங்க விலையைத் தட்டி அனுப்பட்டும். ராத்திரி ஆபீஸ் அதைச் சரி பண்ணட்டும். ஆபீஸ் வேலையை ஏழு மணி வரிசை முன்னாடி அந்தப் பொண்ணு தலையில கட்டாதீங்க.

குறைவு எடுத்தா கூடுதலையும் சேர்த்து எடுங்க. ரெண்டும் ஒரே தாள்ல, ஒரே எழுத்து அளவுல.

இவ்வளவும் செஞ்ச பிறகும் ஒரு தொகை நிக்கும். அது கடை நடத்துற செலவு. கரண்ட் பில் மாதிரி. எலி, வெயில், விரல், அவசரம் எல்லாத்துக்கும் சேர்த்து முதலாளி கட்டுற வாடகை. லாபத்துல பதினோரு பேருக்குப் பங்கு கிடையாது. நஷ்டத்துல மட்டும் எப்படிய்யா பங்கு வரும்?

பி.கு: கடையில வேலை பார்க்கிற தம்பி தங்கச்சி யாராவது உங்களுக்குத் தெரிஞ்சா ஒண்ணு சொல்லி வைங்க. "குறைவுக்கு நானே பொறுப்பு"ன்னு எழுதின வெத்துத் தாள்ல கையெழுத்து போடச் சொன்னா போட வேண்டாம். "எந்தப் பொருள், எந்தத் தேதி, என் பொறுப்புல எப்போ கொடுத்தீங்க, கூடுதல் ரிப்போர்ட் எங்க"ன்னு நாலு கேள்வி எழுத்துல கேக்கட்டும். நாலுக்கும் பதில் வெச்சிருக்கிற முதலாளியை நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல.